நகரசபைத் தேர்தலும் நமது அபேட்சகர்களும்

ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் என்றால் நம்மவரில் படித்தவர்களுக்கு ஓர் அலட்சியம் உண்டு. சட்டசபைக்கு நிற்க இடம் கிடைக்காதவர்கள் விளையாடும் விளையாட்டு என்று எண்ணி, வோட்டுப் போடும் நாளன்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சாக்கடைத் தேர்தல் என்று பரிகாசம் செய்வாரும் உளர். சாக்கடை பரிகாசத்திற்குரிய விஷயமன்று என்பதை நாமே சற்றுத் தாமதமாகத்தான் உணர்ந்தோம். உணர்ந்த விதத்தை நேயர்களுக்குச் சொல்வது நமது கடமை என்று கருதுகிறோம்.

2022ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில் ஓர் இளைஞர் நமது காரியாலயத்திற்கு வந்தார். நமது ஊர் நகரசபையில் ஒரு வார்டுக்கு அபேட்சகராக நிற்கப் போவதாகவும், தம்முடைய துண்டுப் பிரசுரத்தை நாம் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். பிரசுரத்தில் பதினான்கு வாக்குறுதிகள் இருந்தன. அரசாங்கக் கலாசாலை, ரயில்வே மேம்பாலம், காவேரித் தண்ணீரில் நமது பங்கு, பெட்ரோல் விலைக் குறைப்பு என்று போய்க்கொண்டிருந்தது அந்தப் பட்டியல். நகரசபை செய்யக்கூடியவை அதில் மூன்றே மூன்றுதான்.

வக்கீல் தொழில் செய்து பழகிய நமக்கு, கட்சிக்காரர் வாயைத் திறந்ததும் “தஸ்தாவேஜு எங்கே?” என்று கேட்பது சுபாவமாகிவிட்டது. “தம்பி, உமது வார்டில் எத்தனை தெருக்கள்? எத்தனை தெருவிளக்குகள் எரிவதில்லை? எத்தனை நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வருகிறது?” என்று கேட்டோம். அவர் விழித்தார். “ஐயா, அதெல்லாம் ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்…” என்று இழுத்தார். ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளும் வழக்கத்தினால் அல்லவோ நாம் இந்த நிலையில் இருக்கிறோம்?

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தோம். ஒரு வாரத்திற்குப் பின் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் திரும்பி வந்தார். பதினொரு தெருக்களையும் விடியற்காலையில், தண்ணீர் வரும் வேளையில், நடந்து பார்த்திருக்கிறார். நாற்பத்தாறு விளக்குக் கம்பங்களில் ஒன்பது எரியவில்லை. ஆறு இடங்களில் கால்வாய் உடைந்திருக்கிறது. வார்டின் கோடியில் துப்புரவுத் தொழிலாளர் வசிக்கும் தெருவிலோ குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடக்கிறது. அங்கே ஓர் அம்மாள் ஒன்றும் பேசாமல் குடத்தைக் கொண்டுவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, முகர்ந்து பார்க்கச் சொன்னாளாம். முந்திய மழைக்காலத்தில் அந்தத் தெருவில் நான்கு குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை.

அந்தத் தெருவுக்குப் போக வேண்டாமென்று அவருடைய கக்ஷிப் பெரியவர்களே தடுத்தார்கள். அங்குள்ள வோட்டுகள் எப்படியும் ஒரு பக்கமாக விழுபவை, அங்கே போய் நின்றால் மற்றத் தெருக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது அவர்கள் சொன்ன நியாயம். தேசபக்தியைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசக்கூடியவர்கள்தாம் இப்படிச் சொன்னார்கள். இளைஞர் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. பிரசுரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் இருந்ததையே அச்சிட்டார். அந்தக் குழாயே முதல் வரி.

நிற்க. அந்தத் தேர்தலின் பின்னணியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அரசியல் சாசனம் ஐந்து வருஷம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தும், அடுத்த மன்றம் கூடியது 2022இல்தான். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளின் ஆட்சி நடந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் அனைத்துக்கும் பிப்ரவரி 19ஆம் தேதி ஒரே நாளில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஜனங்கள் மன்றத்தையே மறந்திருந்த காலத்தில் அபேட்சகர்களுக்குப் பேசுவதற்கா விஷயம் இல்லை?

ஆனால் பேசவில்லை. நமது ஊரில் நாம் கேட்ட கூட்டம் ஒன்றிலாவது சொத்து வரியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. நகரங்களுக்கான மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதங்களை மாகாணங்கள் நிர்ணயிக்க வேண்டுமென்று பதினைந்தாவது நிதிக் கமிஷன் நிபந்தனை விதித்திருந்தது ரகசியமன்று. தேர்தல் முடிந்து ஆறு வாரத்திற்குள், ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி, வரி உயர்வு அறிவிப்பு வெளியாயிற்று. 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கே 25 சதவிகித உயர்வு. வரியை உயர்த்தியது தவறென்று நாம் வாதிக்கவில்லை. பணமில்லாத நகரசபை விளக்கேற்றுவது எப்படி? வரி வரப்போகிறது, அதில் இந்த வார்டுக்கு இன்னது கேட்டு வாங்குவேன் என்று சொல்லி வோட்டுக் கேட்பதே நேர்மையான பிரசாரம் என்பது எமது அபிப்பிராயம்.

கௌன்ஸிலரின் அதிகாரம் சிறியது என்பார்கள். சிறியதுதான். ஆயினும் அவர் மன்றத்தில் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், வரவு செலவுத் திட்டத்தில் கை வைக்கலாம். 2022இல் மேயரையும் நகர்மன்றத் தலைவரையும் ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. கௌன்ஸிலர்களே மார்ச் 4ஆம் தேதி தேர்ந்தெடுத்தார்கள். ஆதலால் வார்டில் விற்கப்பட்ட வோட்டு, மன்றத்தில் மறுபடியும் ஒரு முறை விலை பேசப்படுவதற்கு இடமுண்டாயிற்று.

சட்டசபைக்கு ஏணியாக மட்டும் வார்டைக் கருதுவோருக்குக் காமராஜரை நினைவூட்ட விரும்புகிறோம். 1941இல் அவர் சிறையிலிருக்கையிலேயே விருதுநகர் நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையான பின் அந்தப் பதவியை ராஜினாமாச் செய்தார். முழுக் கவனம் செலுத்த முடியாத பதவி தமக்கு வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத மேடை நம் நாட்டில் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்த விதிகளின்படி, கால் வேலி நிலமாவது இல்லாதவனுக்குச் சாதாரணமாகக் குடவோலையில் இடமில்லை, ஸ்திரீகளுக்கும் இல்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமை கொள்வது நமக்குச் சம்மதமில்லை. ஆனால் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் ஓலையில் எழுதப்படக் கூடாது என்ற விதியும் அங்கேயே இருக்கிறது. பழையபடி நிற்கும் கௌன்ஸிலரிடம் ஐந்து வருஷக் கணக்கைக் கேட்கும் வோட்டர்கள் எத்தனை பேர் என்று நேயர்களே சொல்லட்டும்.

நமது இளைஞர் சொற்ப வோட்டுகளில் தோற்றார். முந்தின நாள் இரவு என்ன நடந்தது என்பதை வார்டு முழுவதும் அறியும். நிரூபிக்க முடியாததை எழுதுவது வக்கீலுக்கு அழகன்று என்பதால் விடுகிறோம். கோடித் தெருவில் மட்டும் அவருக்கே அதிக வோட்டுகள் விழுந்தன. கக்ஷிப் பெரியவர்களின் கணிதம் அங்கே பொய்த்துப் போயிற்று.

அவ்வருஷம் நவம்பர் முதல் தேதி நகரங்களில் பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடியபோது, அந்தத் தெருப் பெண்கள் அச்சிட்ட அதே காகிதத்தைக் கொண்டுபோய், வென்றவர் முன்னிலையில் முதல் வரியை உரக்கப் படித்தார்கள். குடத்தையும் எடுத்துச் சென்றிருந்தார்கள். கௌன்ஸிலர் முதலில் அதிகாரிகள்மேல் பழி போட்டார். பிறகு தீர்மானம் கொண்டுவர ஒப்புக்கொண்டார். அடுத்த கோடைக்குள் குழாய் சாக்கடையிலிருந்து எடுத்து மேலே போடப்பட்டது. நோட்டுப் புத்தகத்தின் நகல் ஒன்று நமது மேஜையில் இருக்கிறது. ஒன்பது விளக்குகளில் ஐந்துக்கு எதிரே இளைஞர் கோடு அடித்திருக்கிறார். நான்குக்கு எதிரே தேதிகள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன, ஒவ்வொரு தடவை மனுக் கொடுத்த தேதி.