கருவிக்குச் செல்லும் கட்டளை

காந்திபுரத்தில் பேருந்து ஏறி அன்னூர்ப் பக்கம் சென்றால், தோட்டத்துக் கிணற்று மேட்டில் மோட்டாருக்கு அருகே ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்றைக் காணலாம். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராத வேளையில் எவரேனும் பச்சைப் பொத்தானை அழுத்தினால், நல்ல பெட்டியாயின், அதிலுள்ள தடுப்புக் கருவி மோட்டாரை ஓடவிடாது. அத்தடுப்பு இல்லையேல் காயில் கருகிவிடும்.

கணிப்பொறியில் இக்காவலைச் செய்ய வேண்டியது ‘டிவைஸ் டிரைவர்’ எனப்படும் நிரல். அச்சுப்பொறி, காமிரா முதலிய கருவிகளுக்கும் நாம் எழுதும் நிரல்களுக்கும் இடையே நிற்பது அது. நம் நிரல் பிழை செய்தால் அந்நிரல் மாத்திரமே நிற்கும். டிரைவரோ பெரும்பாலும் ‘கெர்னல்’ என்னும் உள்ளறையில் இயங்குவது. அது இடறினால் பொறி முழுவதும் நின்றுவிடும். ஆகவே, வெளியிலிருந்து வரும் எந்த எண்ணையும் அது சோதியாமல் ஏற்கலாகாது.

சோதனை எளிதென்று எண்ணிவிடாதீர்கள், மாணவ நண்பர்களே! ‘100-க்கு மேற்பட்ட எண் கூடாது’ என்று மட்டும் விதித்தால், -1 தடையின்றி நுழைந்துவிடும். பின்னர் அதனையே குறியில்லாத 32 பிட் எண்ணாகப் படித்தால் 4,294,967,295 ஆகிவிடுகிறது! ஆதலால் கீழெல்லையும் வேண்டும். மற்றொரு சூழ்ச்சி இதனினும் நுட்பமானது. பயனரின் நினைவகத்திலுள்ள எண்ணைச் சோதித்துவிட்டு, டிரைவர் மீண்டும் அங்கிருந்தே அதை எடுக்குமாயின், இடைப்பட்ட கணத்தில் அதனை மாற்றி வைத்துவிடலாம். முதலில் தன்னிடத்தே படியெடுத்து, அப்படியையே சோதித்து, அதனையே பயன்படுத்துவதுதான் முறை.

2024 ஜூலை 19 அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய சீட்டுகள் வழங்கப்பட்டன. காரணம் யாது? கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் நிரல் விண்டோஸ் கெர்னலுக்குள் இயங்குவது. அன்று வந்த புதிய தரவுக் கோப்பு 21ஆவது மதிப்பை நோக்கும்படி கூறிற்று. நிரலின் கையில் இருந்தவையோ 20 மதிப்புகளே. எண்ணிப் பாராமல் அடுத்ததை எடுக்கச் சென்ற நிரல், எல்லைக்கு அப்பாற்பட்ட நினைவிடத்தைத் தொட்டு வீழ்ந்தது. மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன.

அக்கோப்பைப் பகைவர் எவரும் அனுப்பவில்லை, அந்நிறுவனமே அனுப்பியது. வெளியிடுமுன் சோதித்த நிரலிலும் பிழை இருந்தமையால் அது தேறி வந்துவிட்டது. வீட்டார் கொணரும் சரக்கு என்பதால் எடைபோடாது விடலாமா? அக்கோப்பை நீக்க, ஊழியர்கள் பல பொறிகளை ஒவ்வொன்றாக நேரில் சென்று திறக்க நேர்ந்தது. இயங்கும்போதே எல்லையைச் சரிபார்க்கும் சோதனை, அந்த ஜூலைத் திங்களிலேயே நிரலில் சேர்க்கப்பட்டது.