‘பௌதிகச் சேதம்’ என்று வொரண்டியை மறுத்தால்...

கணினிப் பாகங்கள் விற்கும் கடைகள் தரும் பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் சில நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். கருகல், பௌதிகச் சேதம், துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்பது அவற்றுள் முக்கியமானது. சில கடைகளின் பற்றுச்சீட்டில் ‘ஒரு வருடம் என்பது 350 நாள்’ என்றும் இருக்கும். வாங்கும்போது இவற்றை வாசிப்பவர் குறைவு. பொருள் பழுதாகி, திருப்பிக் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகுதான் அந்தச் சிறிய எழுத்தின் பெறுமதி தெரியவரும்.

கருகல், பௌதிகச் சேதம், துரு ஆகிய மூன்றும் கொழும்பு பம்பலப்பிட்டியில் கடை வைத்திருப்பவருக்கு அரிதாக வரும் பிரச்சினைகளாக இருக்கலாம். முல்லைத்தீவு மாவட்டத்தின் நாயாறு போன்ற ஓரிடத்தில் போட்டோப் பிரதி, பிரின்ட், ரீலோட் என்று சிறு தொழில் நடத்துபவருக்கு அவை அன்றாடப் பிரச்சினைகள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. உப்புக் காற்று பாகங்களின் உலோக முனைகளில் துருவை ஏற்படுத்துகிறது. பருவப்பெயர்ச்சி மாறும் காலங்களில் வரும் இடிமின்னல் மின்கம்பி வழியாகவும் தொலைபேசிக் கம்பி வழியாகவும் உள்ளே புகுந்து கருக்கிவிடுகிறது. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸிலும் கொரியரிலும் குலுங்கி வரும் பெட்டிக்குள் பாகம் வளையலாம், வெடிக்கலாம். ஆக, உத்தரவாதம் விலக்கி வைத்த மூன்று காரணங்களும் இங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

இதனால் ஏற்படும் நட்டத்தை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். 38,000 ரூபாவுக்குக் கொள்வனவு செய்த ஒரு மதர்போர்ட்டை 40,000 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இலாபம் 2,000 ரூபா. அது பழுதாகி, வாடிக்கையாளருக்கு நீங்கள் வேறொன்று கொடுத்து, மேலே உள்ள விற்பனையாளர் உங்களுக்கு மறுத்துவிட்டால், அந்த ஒரு மறுப்பை ஈடுசெய்ய இன்னும் 19 மதர்போர்ட்கள் விற்க வேண்டும். சிறு வர்த்தகருக்கு இது பல மாத உழைப்பு.

மறுப்பு எங்கிருந்து வருகிறது?

உத்தரவாதம் என்பது உற்பத்திக் குறைபாட்டுக்கு உற்பத்தியாளர் தரும் வாக்கு. விழுந்ததற்கும் நனைந்ததற்கும் தவறாகப் பொருத்தியதற்கும் அவர் பொறுப்பேற்பதில்லை. இதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வாக்கு உற்பத்தியாளர், உள்நாட்டு முகவர், கொழும்பு விற்பனையாளர், ஊர்க் கடைக்காரர் என்று நான்கு கைகள் மாறித்தான் வாடிக்கையாளரிடம் வருகிறது. ஒவ்வொருவரும் ‘எனக்கு மேலே உள்ளவர் ஏற்பாரா?’ என்றுதான் முதலில் யோசிக்கிறார். சந்தேகம் வந்தால் மறுத்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு. ஆகவே சுமை கீழே இறங்கி, கடைசியில் ஊர்க் கடைக்காரரிடமோ வாடிக்கையாளரிடமோ வந்து நிற்கிறது.

மதர்போர்ட்களில் இந்தச் சச்சரவு அதிகமாவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. முன்பு புரொசெசரின் அடியில்தான் ஊசிகள் இருந்தன. 2004இல் இன்டெல் நிறுவனம் 775 தொடுமுனைகள் கொண்ட புதிய சொக்கட்டைக் கொண்டுவந்தபோது ஊசிகள் மதர்போர்ட்டின் பக்கம் மாறின. ஏ.எம்.டி. நிறுவனமும் 2022இல் தனது சாதாரணப் பாவனைக் கணினிகளுக்கான புரொசெசர்களில் அதே முறைக்கு வந்தது; அதில் 1,718 தொடுமுனைகள். தலைமயிர் போன்ற அந்த நுண்ணிய கம்பிகளில் ஒன்று வளைந்தாலும் கணினி இயங்க மறுக்கலாம். கண்ணால் பார்த்தால் உடனே தெரியாது. பொருத்தியவர் வளைத்தாரா, கழற்றியவர் வளைத்தாரா, பெட்டியிலேயே அப்படித்தான் இருந்ததா என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

நியூஎக் விவகாரம் தரும் பாடம்

அமெரிக்காவின் பெரிய கணினிப் பாக விற்பனை நிறுவனமான நியூஎக், 2022 பெப்ரவரியில் இத்தகைய ஒரு சச்சரவில் மாட்டியது. பெட்டி திறக்கப்பட்டுத் திரும்பி வந்த பொருளாக அது விற்ற ஒரு கிகாபைட் மதர்போர்ட்டை, கணினி விமர்சனம் செய்யும் கேமர்ஸ் நெக்ஸஸ் குழுவினர் வாங்கினர். தேவைப்படாததால் பெட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினர். நியூஎக், சொக்கட்டில் சேதம் இருப்பதாகக் கூறிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தது.

விடயம் பகிரங்கமான பின்னர் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது; மதர்போர்ட்டும் குழுவினரிடம் திரும்பியது. அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்துதான் உண்மை வெளிவந்தது. அவர்களுக்கு விற்பதற்கு முன்பே நியூஎக் அந்தப் பலகையைப் பழுதுபார்ப்புக்காகக் கிகாபைட்டுக்கு அனுப்பியிருந்தது. அதற்குக் கட்டணம் கேட்கப்பட்டு, வேலை செய்யப்படாமலே திரும்பி வந்த பலகையையே மீண்டும் விற்றிருந்தது. நியூஎக் மன்னிப்புக் கேட்டு, திறந்த பெட்டி மதர்போர்ட்கள், புரொசெசர்கள் தொடர்பான தனது மீளேற்பு விதிகளையும் தளர்த்தியது.

பல இலட்சம் பேர் பார்க்கும் ஒரு குழு என்பதால் அவர்களுக்கு நியாயம் கிடைத்தது. சாதாரண வாடிக்கையாளருக்கோ, நாயாற்றில் இருக்கும் கடைக்காரருக்கோ அந்த வசதி இல்லை. அவரிடம் இருக்கக்கூடிய ஒரே பலம் பதிவுதான். பொருள் கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் அது எந்த நிலையில் இருந்தது என்பதற்குச் சான்று வைத்திருப்பவர் பக்கம்தான் பேச்சு எடுபடும்.

பொருள் வந்திறங்கும்போது

கொரியர்காரரின் தாளில் கையொப்பமிடும் முன் பெட்டியின் நான்கு பக்கத்தையும் பாருங்கள். மூலை நசுங்கியிருந்தால், நனைந்திருந்தால், அதே தாளில் எழுதிவிட்டே கையொப்பமிடுங்கள். பிறகு பெட்டியைத் திறப்பதைக் கைத்தொலைபேசியில் இடைவெட்டின்றி வீடியோ எடுங்கள். தொடர் இலக்கம், சொக்கட், இணைப்பு முனைகள், பலகையின் ஓரங்கள் ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். குறை இருந்தால் அன்றைக்கே விற்பனையாளருக்கு அனுப்புங்கள். பெட்டியை ஒரு மாதம் இறாக்கையில் வைத்துவிட்டு, வாடிக்கையாளர் வந்த அன்று திறந்து பார்ப்பது ஆபத்து.

முழுக் கணினியாகப் பொருத்தி வரவழைப்பதையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். இன்றைய கிராபிக்ஸ் கார்ட்களும் புரொசெசரைக் குளிர்விக்கும் விசிறித் தொகுதிகளும் பாரமானவை. பொருத்தியபடியே குண்டும் குழியுமான பாதையில் வந்தால், கார்ட் செருகப்படும் இடத்துக்கு அருகே பலகையில் வெடிப்பு விழக்கூடும். அப்படி விழும் வெடிப்பு ‘பௌதிகச் சேதம்’ என்றுதான் எழுதப்படும். அவற்றைக் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள்.

விற்கும்போது

வாடிக்கையாளரின் கண் முன்னே பெட்டியைத் திறந்து, இயக்கிக் காட்டி, தொடர் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். எவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்பதைத் தமிழில் வாயாலும் சொல்லுங்கள். ‘ஒரு வருட வொரண்டி’ என்று மட்டும் சொல்லி விற்றுவிட்டுப் பின்னர் சிறிய எழுத்தைக் காட்டினால், அந்த வாடிக்கையாளர் மீண்டும் உங்கள் கடைக்கு வரமாட்டார்.

திகதிக் கணக்கிலும் கவனம் தேவை. கொழும்புக் கடையின் 350 நாள், அவர் உங்களுக்குப் பற்றுச்சீட்டு எழுதிய அன்று தொடங்குகிறது. நீங்கள் மூன்று மாதம் கழித்து விற்று ஒரு வருடம் உறுதியளித்தால், கடைசி மூன்று மாதமும் அதற்கு மேலும் உங்கள் சொந்தப் பொறுப்பு.

மதர்போர்ட்டின் சொக்கட்டை மூடியிருக்கும் சிறிய பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போட வேண்டாம் என்று வாங்குபவரிடம் கூறுங்கள். திருப்பி அனுப்பும்போது அந்த மூடி இல்லாவிட்டால் ஏற்க மறுக்கும் உற்பத்தியாளர்கள் உண்டு. பெட்டி, ஸ்டிக்கர், பற்றுச்சீட்டு ஆகியவையும் அப்படியே.

கரையோரத்தில் பாவிப்போருக்கு இன்னும் மூன்று விடயங்களைச் சொல்லலாம். கணினியை ஜன்னலோரத்திலும் நிலத்திலும் வைக்க வேண்டாம். இடிமின்னல் நேரத்தில் மின்செருகியை மட்டுமன்றி, இணையக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். நிலத்தொடுப்பு சரியாக இல்லாத கட்டடத்தில் விலை கூடிய பாதுகாப்புச் செருகியும் முழுப் பயன் தராது. திடீரென்று இயங்காமல் போகும் கணினிகள் சிலவற்றில் உண்மையான கோளாறு ரெம் முனைகளில் படிந்த உப்பும் ஒட்சைட்டும்தான். கழற்றித் துடைத்துப் பொருத்திப் பார்த்தால், கொழும்புக்கு அனுப்பும் தேவையே இல்லாமல் போகலாம்.

வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும்போது

பழுதான பொருளை வாங்கி உள்ளே வைத்துவிட்டு ‘நாளை பார்க்கிறேன்’ என்று அனுப்பிவிடாதீர்கள். உங்கள் கைக்கு வந்துவிட்டால் அது அமானிதப் பொருள். அதன் பின்னர் வரும் கீறலும் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். அவர் முன்னிலையிலேயே வெளிச்சத்தில் பார்த்து, படமெடுத்து, காணும் சேதத்தை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சேதம் தெளிவாகத் தெரிந்தால் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. ‘அனுப்பிப் பார்ப்போம்’ என்று நம்பிக்கை கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்து மறுப்பதுதான் பகையை வளர்க்கிறது.

மறுப்பு வந்த பிறகு

மேலேயுள்ள விற்பனையாளர் மறுத்தால், முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சேதம் எங்கே, படம் எங்கே, யார் பரிசோதித்தார், எந்தத் திகதியில் என்று கேளுங்கள். தொலைபேசியில் ‘பிஸிகல் டெமேஜ்’ என்று சொல்லி முடித்துவிடுபவர், எழுத்தில் கேட்கும்போது மீண்டும் ஒருமுறை பார்ப்பதுண்டு.

அடுத்து, காட்டப்படும் சேதத்துக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டா என்று கேளுங்கள். உறையில் ஒரு கீறல் இருப்பதால் உள்ளே உள்ள விசிறி நிற்காது. 2024இல் அசுஸ் நிறுவனத்தின் கையடக்க விளையாட்டுக் கணினியொன்று இயக்கக் கோளாறுக்காக அமெரிக்காவில் திருத்தத்துக்கு அனுப்பப்பட்டது. கோளாறோடு தொடர்பில்லாத, உறையில் இருந்த ஒரு சிறு தழும்புக்காக 190 டொலருக்கு மேல் கட்டணம் கேட்கப்பட்டது. பகிரங்க விமர்சனம் எழுந்த பின்னர் அந்நிறுவனம் தனது நடைமுறையை மாற்றுவதாக அறிவித்தது. இந்தக் கேள்வியை மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேட்க எவருக்கும் உரிமை உண்டு.

அதுவும் பலிக்காவிட்டால், கட்டணத்துக்குத் திருத்தித் தருவார்களா என்று விசாரியுங்கள். வளைந்த ஊசியை நுண்காட்டியின் கீழ் நிமிர்த்தும் தொழிலாளர் இருக்கிறார்கள். புதிய பலகையின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவாக இருக்கலாம். ஆனால் சச்சரவு தீரும்வரை நீங்களாகவே ஊசியைத் தொட வேண்டாம். தொட்டால் இருந்த நியாயமும் போய்விடும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றி அதிகாரசபை விசாரிக்கலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ கட்டளையிடலாம். கவனிக்க வேண்டியது காலக்கெடு: விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் செய்யப்பட வேண்டும். வொரண்டி ஒரு வருடம் என்றாலும் இந்த வாசல் மூன்று மாதம்தான் திறந்திருக்கும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

ஆனால் அச்சட்டம் ‘பாவனையாளர்’ என்று கருதுவது பொருளைப் பாவிப்பவரை. மறுவிற்பனைக்கு வாங்கும் வர்த்தகர் அதற்குள் அடங்குவது கடினம். அதாவது, உங்கள் வாடிக்கையாளர் உங்களுக்கெதிராக அங்கே போகலாம். நீங்கள் கொழும்புக் கடைக்கெதிராகப் போவது இலகுவல்ல. உங்களுக்குப் பொருந்துவது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதில் இரண்டு விடயங்கள் முக்கியம். முன்னர் பரிசோதித்திராத பொருளைப் பரிசோதிக்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு உண்டு. வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பொருளை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைப்பதே வாங்குபவரிடம் ஒப்படைப்பதாகக் கருதப்படும். ஆகவே ‘வழியில் உடைந்தால் யார் பொறுப்பு’ என்பதைக் கட்டளை கொடுக்கும்போதே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இத்தகைய பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது.

தொகை சிறிதென்றால் மத்தியஸ்த சபையை நாடலாம். அங்கே சட்டத்தரணிக்குச் செலவில்லை. வியாபார உறவும் முறியாமல் இருக்கும். நீதிமன்றம் கடைசி வழி. ஒரு மதர்போர்ட்டுக்காக அங்கே போவது பெரும்பாலும் இலாபமற்ற வேலை.

வழக்குக்குப் போகும் செலவையும் அலைச்சலையும் எண்ணிப் பார்த்தால், பெட்டி வந்த அன்று எடுக்கும் இரண்டு நிமிட வீடியோவும், விற்ற அன்று எழுதும் தொடர் இலக்கமும் மிக மலிவானவை. கொழும்பிலிருந்து தூரத்தில் இருப்பவருக்கு அவை இன்னும் அவசியமானவை. இன்றைக்கே உங்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, பொருளின் நிலையை எழுத ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த புத்தகம் அச்சிடும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.