விரலுக்கு ஒரு ஸ்ட்ரா

புனே ஹிஞ்சவடியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “தார்க்கர்லியில் ஸ்கூபா கற்றேன். அடுத்து ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் இறங்க ஆசை. தண்ணீர் 2 டிகிரியாம். டிரை கிளவ் வாங்கிக்கொள் என்கிறார்கள். எந்தக் கம்பெனி நல்லது? எப்படிப் பொருத்துவது?”

கம்பெனியில் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தக் கையுறை உங்களைக் காப்பாற்றுமா கைவிடுமா என்பதைத் தீர்மானிப்பது ஒரு துண்டு ஸ்ட்ரா. விளம்பரத்தில் அது வராது. அதை விற்று யாரும் காசு பார்க்க முடியாது.

அதற்கு முன் ஒரு நடைமுறைச் சிக்கல். சில்ஃப்ரா இருக்கும் திங்வெட்லிர் தேசியப் பூங்காவில், டிரை சூட் (தண்ணீர் புகாத உடை) பயிற்சிச் சான்றிதழோ, டிரை சூட்டில் 10 முறை இறங்கிய பதிவோ இல்லாதவர்களை ஸ்கூபாவுக்கு அனுமதிப்பதில்லை. தார்க்கர்லி இருக்கும் கொங்கண் கடற்கரையின் வெதுவெதுப்பான தண்ணீரில் வாங்கிய ஸ்கூபா கார்டு மட்டும் அங்கே செல்லாது. எப்படியும் முதலில் எங்காவது டிரை சூட் பயிற்சி எடுத்தாக வேண்டும். கையுறைப் பஞ்சாயத்தை அங்கேயே தீர்த்துக்கொள்வது உத்தமம்.

பள்ளிக்கூட அறிவியலைத் தாண்டிப் போவோம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது தெரிந்ததே. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும்போது கைக்கு மட்டும் ஏன் இத்தனை கவலை? விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. விரலுக்கு வந்து சேர்வது தசைநாண் மட்டுமே. ஆகவே விரல் சொந்தமாகச் சூடு தயாரிப்பது மிகக் குறைவு. ரத்தம் கொண்டுவந்தால்தான் உண்டு. உடம்பு குளிர ஆரம்பித்ததும் முதலில் வெட்டப்படும் சப்ளை அதுதான். தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரலின் நுணுக்கம் குறையத் தொடங்கும். 8 டிகிரி வாக்கில் தொடு உணர்வே போய்விடும். காற்றை ஏற்றும் பட்டன், இறக்கும் வால்வு, எடைப் பட்டையின் கொக்கி எல்லாம் விரலால் இயக்குபவை என்பதை நினைவில் வையுங்கள்.

1930இல் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்தார். பனிநீரில் வைத்த விரல் முதலில் குளிர்கிறது, சில நிமிஷங்கள் கழித்து ரத்தக்குழாய் தானாக விரிந்து கொஞ்சம் சூடேறுகிறது, மறுபடி குளிர்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘பழகினால் கையுறையே வேண்டாம்’ என்று உபதேசிப்பவர்கள் உண்டு. உடம்பின் உட்பகுதி குளிர்ந்துவிட்டால் இந்தச் சலுகை மங்கிப்போகும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

சாதாரண நியோப்ரீன் கையுறை தண்ணீரை உள்ளே விடும். காப்பது ரப்பருக்குள் அடைபட்ட நுண்குமிழிகள். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அந்தக் குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். தடிமனைக் கூட்டினால் விரல் மடங்காது. டிரை கிளவ்வின் வழி வேறு: வெளியே தண்ணீர் புகாத தோல், உள்ளே கம்பளி உள்ளுறை, அதன் இழைகளுக்கு நடுவே காற்று. காப்பு அந்தக் காற்றுதான். கையுறை என்பது காற்றைப் பிடித்துவைக்கும் பை, அவ்வளவே.

விஷயம் சூடு பிடிப்பது இங்கேதான். டிரை சூட்டின் மணிக்கட்டில் லேடெக்ஸ் அல்லது சிலிகானால் ஆன இறுக்கமான சீல் இருக்கும். அதற்கு மேல் கையுறையை மாட்டி ஒரு வளையத்தால் பூட்டினால், சீலுக்கும் விரல்நுனிக்கும் இடையே கொஞ்சம் காற்று சிறைப்படும். 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அது 100 மில்லி. 30 மீட்டரில் 50 மில்லி. கையுறை சுருங்கி, உள்ளுறையை நசுக்கி, விரலோடு ஒட்டிக்கொள்ளும். காப்பும் போச்சு, ரத்த ஓட்டமும் போச்சு. சூட்டுக்குள் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. மார்பில் இருக்கும் பட்டனை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து புதுக் காற்று வரும்.

டிரை சூட் ஒரு கூட்டுக்குடும்ப வீடு. கையுறை தனிக்குடித்தனம் போன மகன். ஆழம் என்பது விலைவாசி. இறங்க இறங்க ஏறும். பெரிய வீட்டுக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது. மகனிடம் இருப்பதோ வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று பையில் இருந்த காசு மட்டும். விலை இரட்டிப்பானால் அதன் மதிப்பு பாதி. நடுவில் இருக்கும் சீல், மாமியாரும் மருமகளும் சேர்ந்து கட்டிய சுவர். அதில் ஒரு சின்னக் கதவு வைத்தால் போதும், பெரிய வீட்டுச் சம்பளம் மகனுக்கும் போய்ச் சேரும். அந்தக் கதவுதான் ஸ்ட்ரா. சீலுக்கு அடியில், தோலை ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகுகிறார்கள். ஒரு முனை சூட்டுக்குள், மறுமுனை கையுறைக்குள். சிலர் கம்பளி நூலை நாலைந்து இழையாகத் திரித்து வைக்கிறார்கள். சிலர் எலாஸ்டிக் கயிறு. எது வைத்தாலும் காற்று ஊர்ந்து போக வழி கிடைக்கும். உறவு சுமுகமாகும்.

கதவு இருபுறமும் திறக்கும் என்பதுதான் வில்லங்கம். மகன் வீட்டில் வெள்ளம் புகுந்தால், அதாவது கையுறை கிழிந்தால், தண்ணீர் அதே வழியாகப் பெரிய வீட்டுக்கும் வரும். முழங்கை வரை நனைந்து மேலேறும். ஸ்ட்ரா இல்லாவிட்டால் ஒரு கை மட்டும் நனையும், சூட் பிழைக்கும். ஆகவே எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், கரை எவ்வளவு தூரம் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். ‘முழுப் பாதுகாப்பு’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி முடிவு செய்யும் சமாசாரம் இல்லை.

ஸ்ட்ரா இல்லாமலும் ஒரு வழி உண்டு. இப்போதே செய்து பாருங்கள்: கையை முஷ்டி பிடித்து மணிக்கட்டை உள்பக்கமாக மடக்குங்கள். தோலுக்கு அடியில் தசைநாண்கள் புடைத்து எழும். (பலருக்கு இரண்டு தெரியும், சிலருக்கு ஒன்றுதான், அந்த இன்னொரு தசை பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு, பயப்பட வேண்டாம்.) அந்தப் புடைப்பின் ஓரத்தில் சீல் தோலை விட்டு மெலிதாக விலகும். கையுறை இல்லாமல் டிரை சூட் போடுபவர்களுக்கு இதே இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் கசிந்து எரிச்சலூட்டும். கையுறை போட்டவர்களுக்கோ அதுவே காற்று வரும் வழி. கையைத் தலைக்கு மேலே தூக்கி மணிக்கட்டை மடக்கினால் சூட்டிலிருந்து காற்று குபுகுபுவென்று விரலுக்கு ஏறும். ஆழம் குறைவாக இருக்கும்போதே, நசுங்குவதற்கு முன்னால், இதைச் செய்துவிட வேண்டும். நசுங்கிய பிறகு உள்ளுறை வழியை அடைத்துக்கொள்ளும்.

ஏன் தூக்க வேண்டும்? சூட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு எங்கும் ஒரே அழுத்தம்தான். வெளியே இருக்கும் தண்ணீருக்கோ உயரத்துக்கு உயரம் அழுத்தம் மாறும். கையை மார்பிலிருந்து 60 சென்டிமீட்டர் மேலே தூக்கினால், கையுறைக்கு வெளியே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 60 கிராம் குறையும். உள்ளே இருக்கும் காற்று ஜெயிக்கும். கையுறை உப்பும், விரல்கள் மடங்க மறுக்கும். கையைத் தொங்கவிட்டால் எல்லாம் தலைகீழ். உடம்பைக் கிடைமட்டமாக வைத்து நீந்துங்கள் என்று பயிற்சியாளர் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆழத்தில் கையுறை நசுங்குவதற்கு உள்ளூர் உதாரணம் வேண்டுமானால் லடாக் போக வேண்டும். 2020 இறுதியில், எல்லைப் பதற்றத்தின்போது, கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்கள் பாங்காங் ஏரியில் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. பத்திரிகைகள் வீரத்தை எழுதின. அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும் என்ற பாயில் விதியை விட்டுவிட்டன. அந்த ஏரி 4,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். எனவே அழுத்தம் இரட்டிப்பாக 10 மீட்டர் இறங்க வேண்டியதில்லை, 6 மீட்டரே போதும். 10 மீட்டரில் கையுறைக் காற்று மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலாகத்தான் மிஞ்சும். குளிர்காலத்தில் உறைந்துபோகும் அந்த உப்பேரியில் கடலைவிட வேகமாகக் கையுறை நசுங்கும். கடற்கரையில் சரியாக வேலை செய்த அமைப்பை அங்கே அப்படியே நம்ப முடியாது.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க்கில் பிறந்த அமெரிக்கர் கையுறை வளையத்தைக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங்குக்கு 1939இல் காப்புரிமை பெற்றார். அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் நியோப்ரீன் வெட் சூட்டை உருவாக்கினார். இரண்டுக்கும் முன்பே கொரியாவின் ஹேன்யோ பெண்கள் பருத்தி உடையில் குளிர்காலக் கடலில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். 1970களில் அவர்கள் வெட் சூட்டுக்கு மாறியதும், ஆய்வாளர்கள் அளந்து வைத்திருந்த அவர்களுடைய குளிர் தாங்கும் சக்தி சில வருஷங்களில் காணாமல் போனது. போதும்.

இனி தேர்வு. வெளித்தோலுக்கு விலை உயர்ந்த டைவிங் பிராண்டு தேவையில்லை. மீனவர்களும் ரசாயனத் தொழிற்சாலைக்காரர்களும் போடும் பி.வி.சி. கையுறைகளையே உலகெங்கும் பலர் வளையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மெல்லிய லேடெக்ஸில் விரல் நன்றாக மடங்கும், ஆனால் சீக்கிரம் கிழியும். பி.வி.சி. உழைக்கும், குளிரில் விறைக்கும். சீலும் கையுறையும் லேடெக்ஸ் என்றால் தேங்காய் எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள், வாசலினும் ஆகாது. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் உப்பிப் பிசுபிசுக்கும். புனே வெயிலில் காரின் டிக்கியில் போட்டுவைத்தாலும் அதே கதி.

அளவு பார்க்கும்போது கம்பளி உள்ளுறையைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். விரல்நுனியில் கொஞ்சம் இடம் இருக்கலாம், விரலிடுக்கில் தொங்கல் இருக்கக் கூடாது. முஷ்டி பிடித்தால் புறங்கை இழுபடக் கூடாது. கையை முன்னால் முழுக்க நீட்டும்போது மணிக்கட்டுப் பகுதி வளையத்திலிருந்து இழுக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு, எடைப் பட்டையின் கொக்கியைத் திறந்து மாட்டுங்கள். அது முடியாவிட்டால் எத்தனை கதகதப்பாக இருந்தாலும் அந்தக் கையுறை வேண்டாம்.

வளையத்தில் கவனிக்க ஒன்றுதான்: ஓ-ரிங். புனேயின் போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஹைட்ராலிக் சிலிண்டர் பழுதுபார்க்கும் எந்த மெக்கானிக்கும் இதைச் சொல்வார்: ரிங் கெட்டுப்போவதைவிட, ரிங்கின் மேல் ஏதாவது கிடப்பதால் கசிவதே அதிகம். இங்கே அந்த ‘ஏதாவது’ பெரும்பாலும் உங்கள் கம்பளி உள்ளுறையின் ஒரே ஓர் இழை. பூட்டுவதற்கு முன் ரிங்கைச் சுற்றி விரலை ஓட்டுங்கள், மெலிதாக சிலிகான் கிரீஸ் தடவுங்கள். ரிங்கே சிலிகான் என்றால் அந்த கிரீஸ் கூடாது, அது உப்பிவிடும்.

பிறகு ஐஸ் போட்ட வாளியில் கையை விட்டுப் பாருங்கள்: கசிவும் உள்ளுறையின் லட்சணமும் தெரியும். ஆனால் நசுக்கம் தெரியாது. அதற்கு நீச்சல்குளத்தின் ஆழமான பக்கம் வேண்டும். 3 மீட்டரிலேயே கையுறைக் காற்றில் ஏறக்குறைய கால் பங்கு சுருங்கும். ஸ்ட்ரா வேலை செய்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பேட்டரியில் சூடேறும் கையுறைகள்தான் இப்போதைய மோகம். சூடு வருவது உண்மை. ஆனால் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பிரிவு 2007இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது. ஆழத்தில் சூடாக இருந்துவிட்டு மேலேறும்போது குளிர்ந்தவர்களுக்கே டீகம்ப்ரஷன் நோய் (மேலேறும்போது உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் உண்டாவது) அதிகம் வந்தது. ஆழத்தில் குளிர்ச்சி, ஏறும்போது சூடு என்ற வரிசையில் மிகக் குறைவு. வெப்பத்தில் ரத்த ஓட்டம் கூடித் திசுக்கள் நைட்ரஜனை நிறைய வாங்கிக்கொள்ளும். குளிரில் அதைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமாகும். அந்தச் சோதனை முழு உடம்புக்கு, கைக்கு மட்டும் அல்ல. இருந்தாலும் ஆழத்தில் எரிந்து, ஏறும்போது தீர்ந்துபோகும் பேட்டரி எந்தப் பக்கம் நிற்கிறது என்று யோசிக்கலாம். ‘கிராஃபீன்’, ‘மைனஸ் 20 வரை’ என்ற வகையறா வாசகங்களைப் பற்றி ஒன்றே ஒன்று: தண்ணீர் மைனஸ் 20க்குப் போனால் நீங்கள் அதில் நீந்த முடியாது.

ஹிஞ்சவடி வாசகருக்கு என் கணக்கு இது. சில்ஃப்ராவில் 18 மீட்டருக்குக் கீழே விடமாட்டார்கள். அரை மணி, முக்கால் மணியில் கரையேறிவிடுவீர்கள். அவர்களே கொடுக்கும் தடித்த நியோப்ரீன் கையுறையில் விரல் வலிக்கும், ஆனால் சமாளிக்கலாம். ஒரே ஒரு முறைக்காக வளையம் வாங்காதீர்கள். காசை சூட்டுக்குள் போடும் நல்ல கம்பளி உடுப்பிலும் தலையுறையிலும் போடுங்கள்; நடு உடம்பு சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் வரும். இதற்குப் பிறகும் குளிர்ந்த தண்ணீர் மோகம் தீராவிட்டால், மீனவர் கையுறை ஒரு ஜோடி, எளிய வளையம் ஒரு ஜோடி, ஸ்ட்ரா இரண்டு. கையுறை கிழிந்தால் அன்றைய டைவ் அத்துடன் முடிந்தது, மேலே வந்துவிடுங்கள். பையில் நியோப்ரீன் ஜோடி ஒன்று இருந்தால் அடுத்த டைவையாவது காப்பாற்றலாம்.