குறைமாதக் குழந்தைக்கு லைன் போட்டால் இதயத்துக்கு ஆபத்தா?

"இதயம் வரைக்கும் ட்யூப் விடுவீங்களாமே, அது மட்டும் வேண்டாம் டாக்டர்." அண்மைக்காலமாகக் குறைமாதக் குழந்தைகளின் வீட்டார் பலரும் இப்படிச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி அப்பா கையெழுத்துப் போடத் தயங்கும் நேரத்தில், குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும்.

கையிலேயே ட்ரிப்ஸ் ஏற்றினால் போதாதா?

போதாது. ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையால் முதல் நாளே முழுப் பாலையும் செரிக்க முடியாது. அடர்த்தியான குளுக்கோஸ், புரதம், கொழுப்பு எல்லாம் ரத்தம் வழியாகத்தான் போக வேண்டும். அதைக் கையின் மெல்லிய நரம்பில் ஏற்றினால் புண்ணாகிவிடும். அதனால்தான் கை வழியாகவோ தொப்புள்கொடி வழியாகவோ இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை ஒரு குழாய் விடுகிறோம். அதுதான் லைன்.

ஊசி இதயத்தைக் குத்திவிடுமா?

ஊசி உள்ளே தங்குவதே இல்லை. தங்குவது மெல்லிய குழாய். அதன் நுனி இதய அறைக்குள் போய் நின்றால் ஆபத்து. இதயச் சுவர் அரிக்கப்பட்டு, ஏற்றும் சத்துநீர் இதய உறைக்குள் கசியலாம். இதயம் விரிய முடியாமல் திணறும். இது அரிது. ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. இங்கிலாந்தில் இப்படி நான்கு குழந்தைகள் இறந்ததை ஆராய்ந்த அரசு அறிக்கை, நுனி வலது மேலறைக்குள் இருக்கவே கூடாது என்று 2001லேயே சொன்னது.

எக்ஸ்ரே ஒருமுறை எடுத்தாயிற்றே?

குழந்தை கையை மடக்கினாலே நுனி நகரும். தொப்புள்கொடி காயும்போதும் உள்ளே இறங்கும். திரும்பத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும்.

திடீரென்று டல்லானால் கிருமிதானா?

எல்லா நேரமும் இல்லை. நன்றாக இருந்த குழந்தை வெளிறி, நாடித்துடிப்பு குறைந்தால், லைன் இருக்கும்வரை இதயத்தையும் சந்தேகிக்க வேண்டும். உடனே எக்கோ. இதய உறையில் நீர் தெரிந்து, ஊசி போட்டு இழுத்தால் சிரிஞ்சில் பால்போல் வெள்ளை நீர் வரலாம். கொழுப்புச் சத்துநீர்தான் அது. சில மில்லி வெளியேறியதுமே நிறம் திரும்புவதைக் காணலாம்.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்

தொப்புளில் விபூதி, விளக்கெண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். அவற்றிலுள்ள கிருமி லைன் வழியே ஏறி, லைனைச் சுற்றி இதயத்துக்குள் ரத்தக்கட்டி உறைந்திருந்தால் அதில் குடியேறலாம். எத்தனை முறை சொன்னாலும், பார்வை நேரத்தில் முந்தானைக்குள் ஒரு டப்பா வந்துவிடுகிறது! நாக்கில் சேனை வைப்பதும் வேண்டவே வேண்டாம். பிளாஸ்திரியைத் தொடாதீர்கள், கை கழுவாமல் குழந்தையைத் தொடாதீர்கள்.

அம்மாக்களே, பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள். சொட்டு சொட்டாக வந்தாலும் கொடுங்கள். வயிற்றுக்குப் பால் ஏற ஏற, லைனைச் சீக்கிரம் எடுக்கலாம். "லைன் இன்னும் தேவையா டாக்டர்?" என்று தினமும் எங்களைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்.