இயந்திரச் சுழற்சிக்கு ஒரு வரம்பு

1985-இல் ஷா ஆலாமிலிருந்து வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா, கார்புரேட்டர் பூட்டிய கார். அதுபோன்ற பழைய காரை உங்கள் பிள்ளைகள் சீர்செய்து ஓட்டலாம். இயந்திரம் அளவு மீறிச் சுழன்றால், ஸ்பிரிங்கால் வால்வை உரிய நேரத்தில் மூட முடியாது. பிஸ்டன் அதில் மோதி, சேர்த்த பணமெல்லாம் வீணாகும்.

இதைத் தடுக்கவே சுழற்சி வரம்புக் கருவி. அதை இக்னிஷன் காயிலோடு இணைப்பார்கள். நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் சுற்றுக்கு இரண்டு தீப்பொறி. நிமிடத்துக்கு 6000 சுற்றென்றால், நொடிக்கு 200 பொறி. கருவி அவற்றைக் கணக்கிட்டு, வரம்பு தாண்டியதும் சில பொறிகளை நிறுத்தும், சுழற்சி தணியும். தயாரிப்பாளர் குறித்த உச்சத்துக்குச் சற்றுக் கீழே வரம்பை வைக்கவேண்டும்.

ஆனால், கிள்ளான் நோக்கி விரைகையில் நான்காம் கியரிலிருந்து தவறி இரண்டாம் கியருக்கு இறக்கினால், சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றிவிடும். அப்போது பொறியை நிறுத்திப் பயனில்லை. கருவி, எண்ணெய் மிதிக்கும் காலுக்குக் காவல். கியர் மாற்றும் கைக்கு நிதானமே காவல்.