ஏற்காட்டுச் சத்தம் எத்தனை ஜி.பி.?

சேலத்துல பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காடு போனா நாம என்ன பண்ணுவோம்? ஏரியில படகு, லேடீஸ் சீட்ல குரூப் போட்டோ, சுடச்சுட பஜ்ஜி. அவ்வளவுதானே! இந்த முறை கேமராவை உள்ளே வெச்சுட்டு, காதைக் கொஞ்சம் தீட்டிப் பாருங்க பாஸ். காபித் தோட்டத்துக்குள்ளே செம்மீசைச் சின்னான் கூப்பிடும். சில்வர் ஓக் மரங்கள்ல காத்து உரசும். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழான்னா மேளச் சத்தத்துக்குக் கேட்கவே வேண்டாம். இந்த மலையோட பழங்குடி மக்களுக்கு மலையாளிகள்னு பேரு. ஆனா பேசுறது தமிழ்! தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவங்கன்னு வழிவழியா ஒரு கதை சொல்றாங்க. அதை ஒரு பாட்டி வாயால கேட்டா எப்படி இருக்கும்?

குறும்படமோ, பாட்டோ, தமிழ்த்துறை புராஜெக்டோ... இதையெல்லாம் பதிவு செஞ்சு வேலை பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வேணும். அங்கேதான் கடைக்காரர் கேட்பார்: "எஸ்.எஸ்.டி. எவ்வளவு தம்பி போடணும்? 256-ஆ, 500-ஆ, 1 டி.பி-யா?" முழிக்காதீங்க. வாங்க, கணக்கு போடலாம்.

சத்தம் ரொம்ப லேசு!

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. நல்ல தரமான பதிவுக்கு இது போதும். இதுல ஒரு நிமிஷத்துக்கு சுமார் 17 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜி.பி. ஆகும். மூணு நாள் தங்கி, தினம் ஆறு மணி நேரம் பதிவு செஞ்சாலும் 19 ஜி.பி.தான். சரி, உங்க பேண்டையே பதிவு செய்றீங்கன்னு வெச்சுக்குவோம். 16 டிராக், 5 நிமிஷப் பாட்டு, 10 டேக். எல்லாம் சேர்ந்து 7 ஜி.பி.!

வேகம்? அந்த 16 டிராக்கும் சேர்ந்து விநாடிக்கு 2.3 எம்.பி.தான் எழுதும். பழைய ஹார்ட் டிஸ்க்கே இதைச் சிரிச்சுக்கிட்டே செய்யும்.

அப்போ இடத்தைத் தின்பது யாரு?

சாம்பிள் லைப்ரரிகள்! நிஜ வயலின், பியானோ, டிரம்ஸை ஒவ்வொரு ஸ்வரமா பதிவு செஞ்சு வெச்ச மூட்டைகள் இவை. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தோட 'பி.பி.சி. சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா'வையே எடுத்துக்குங்க. சின்னப் பதிப்பு 200 எம்.பி. அளவுதான். பெரிய பதிப்போ சுமார் 600 ஜி.பி.! நீங்க கீபோர்டைத் தொட்டதும், ஸ்வரத்தோட தொடக்கம் ரேமிலிருந்து வரும். மீதி டிஸ்க்கிலிருந்து ஓடி வரும். டிஸ்க் மெதுவா இருந்தா பாட்டு திக்கும். எஸ்.எஸ்.டி. நிஜமா உதவுறது இங்கேதான்.

எதை வாங்கலாம்?

256 ஜி.பி.: வேண்டாம். விண்டோஸ், மென்பொருள், அப்டேட் எல்லாம் சேர்ந்தே 100 ஜி.பி. கேட்கும்.

500 ஜி.பி.: கணினியில 465-ன்னுதான் காட்டும். கடைக்காரர் ஏமாத்தலை, கணக்கு முறை வேற. அதுல விண்டோஸுக்கு 100 போச்சு. எஸ்.எஸ்.டி. மூச்சு விட 20 சதவீதம் காலியா விடுங்க. மீதி சுமார் 270. அதாவது 270 மணி நேரச் சத்தம்! களப்பதிவு, பாட்காஸ்ட், எடிட்டிங்னா இதுவே தாராளம்.

1 டி.பி.: கீபோர்டு வாசிச்சு, லைப்ரரி வெச்சுப் பாட்டு போடுறவங்களுக்கு.

2 டி.பி.: முழு ஆர்க்கெஸ்ட்ரா ஆசாமிகளுக்கு மட்டும்.

ஒரு உஷார்! சில லேப்டாப்ல எஸ்.எஸ்.டி. போர்டோட பற்றவைச்சு வரும், பின்னாடி மாத்த முடியாது. இன்னொரு ஸ்லாட் இருக்கான்னு கேட்டே வாங்குங்க.

பாட்டியோட குரல்

இப்போ முக்கியமான விஷயம். லைப்ரரி அழிஞ்சா மறுபடியும் டவுன்லோட் பண்ணிக்கலாம். அந்தப் பாட்டி சொன்ன கதையை? அடுத்த வருஷம் நீங்க மலை ஏறும்போது அவங்க இல்லாமலே போகலாம். எஸ்.எஸ்.டி. சில சமயம் முன்னறிவிப்பே இல்லாம ஒரேயடியா படுத்துடும். அதனால மொத்தப் பணத்தையும் ஒரே பெரிய எஸ்.எஸ்.டி-யில கொட்டாதீங்க. ஒரு சைஸ் குறைச்சு வாங்குங்க. மிச்சத்துல ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

பதிவு செய்யும் முன்னாடி பாட்டிக்கிட்ட அனுமதி கேளுங்க. ராத்திரி ரூமுக்கு வந்ததும் மெமரி கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு காப்பி, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு காப்பி. ரெண்டையும் போட்டுக் கேட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கணும். மலை இறங்கும்போது லேப்டாப் ஒரு பையில, ஹார்ட் டிஸ்க் நண்பன் பையில!

அப்புறமென்ன, ஹெட்ஃபோனை மாட்டுங்க... ஜமாயுங்க!