பொங்கல் தோரணத்திற்கு உகந்த தழைகள்

தைப்பொங்கல் நெருங்குங்கால் இல்லங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் தோரணம் கட்டுதல் நம் மரபு. இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை ஆலைகள் மிகுந்த இப்பகுதியில் நல்ல தழை கிடைப்பது அருகிவிட்டது. ஆதலால் கால்வாய்க் கரையில் பூத்து நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும், நீரில் மிதக்கும் ஆகாயத்தாமரையையும், வேலியோரத்து உண்ணிச்செடியையும் பறித்துக் கட்ட மனம் நாடுவது இயல்பே. எனினும் அங்கத்தினர்கள் இவற்றை விலக்க வேண்டும். அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, நீர்வழியின் நலம். இம்மூன்றும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து பரவியவை. காட்டாமணக்கின் வெட்டுண்ட தண்டு ஈரமண் பட்டால் வேர்விடும். ஆகாயத்தாமரையின் ஒரு செடி சில வாரங்களில் பலவாகும். பண்டிகை முடிந்தபின் பக்கிங்காம் கால்வாயில் எறியப்படும் தோரணம் புதிய புதராக முளைத்து நீரோட்டத்தை அடைக்கும். கொசஸ்தலையாற்றில் வலை வீசுவோர்க்கும் இடர் செய்யும்.

இரண்டாவது, கால்நடையின் நலம். மாட்டுப் பொங்கலன்று அணிவித்த மாலையை மாடு தின்றுவிடுவதுண்டு. காட்டாமணக்கு நரம்புகளையும், உண்ணிச்செடி ஈரலையும் கெடுக்கும் நஞ்சுடையவை.

இவற்றுக்குப் பதிலாக நம் முன்னோர் கையாண்ட பொருள்களே போதும். ஆவாரம்பூ, சென்னையில் கூரைப்பூ என வழங்கும் சிறுபீளை, வேப்பிலை ஆகிய மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டலாம். மாவிலையை மடித்துத் தென்னை ஈர்க்கால் குத்திக் கயிற்றில் கோக்கலாம். பனங்குருத்தைக் கீறிக் கிளி, பூ முதலியன பின்னலாம். கட்டுவதற்குத் தறியில் மிஞ்சும் பருத்தி நூலே சிறந்தது. அது மண்ணில் மக்கிவிடும், நைலான் கயிறு மக்காது.

பயிரிடுவோர் ஒன்று கருத வேண்டும். ஆவாரையும் சிறுபீளையும் வறட்சி தாங்குபவை. வரப்போரத்திலும் தரிசிலும் வளரும். வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கொய்து, சில செடிகளை விதைக்கென விட்டுவைத்தால் அடுத்த தைக்கும் அவை நிற்கும்.

அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழ்நாட்டு அரசு 2022-இல் தனிக் கொள்கையே வகுத்துள்ளது. நம் சங்கங்கள் மார்கழியிலேயே தேவையைக் கணக்கெடுத்து, பயிரிடுவோரிடம் தழையும் நெசவாளரிடம் நூலும் பெற்றுக் காப்புக் கட்டுகளை விற்குமாயின், வாய்க்கால் தூய்மையுறும். அங்கத்தினர் இரு சாராருக்கும் பண்டிகைக் காலத்தில் சிறு வருவாயும் கிட்டும்.